தடைக்காலத்துல ஒரு கடிதம்

மச்சான்,

கோவமா இருப்பேன்னு தெரியும். கச்சத்தீவுத் திருவிழாவுல பிரியும்போது "கரை ஏறினதும் எழுதுறேன்"னு அந்தோணியார் முன்னாலயே சொன்னவன் நான். எழுதாததுக்குக் காரணம் இருக்கு, வர்றேன். வீட்ல எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி. சின்னவ பன்னெண்டாவது எழுதிட்டா. வாத்தியார் இன்னமும் உன் கணக்குப் பேப்பரைச் சொல்லிச் சிரிக்கிறார்.

போட்டை வித்துட்டேன்.

நெசமாத்தான். கடல் தரையோட இழுக்குற மடி, அதை விரிச்சுப் பிடிக்கிற பலகை, தூக்குற வின்ச்சு எல்லாத்தோடயும். போட்டுக்கு முதலாளி இல்ல இப்ப, சம்மாட்டின்னு இனிமே கூப்பிடாதே.

போன தை மாசம் ஒரு ராத்திரி இந்தியா-இலங்கை எல்லைக்கோட்டைத் தாண்டி உங்க பக்கம் வந்துட்டோம். தெரியாம இல்ல, தெரிஞ்சுதான். மடியைத் தூக்கினா பாதிக்கு மேல விலை போகாத சங்காயம். அதுக்கு நடுவுல ஒரு நண்டுவலை, சுருண்டு, அறுந்து. மிதவையில பச்சைப் பெயின்ட். பசங்க வெட்டித் தண்ணியில போட்டுட்டாங்க, மூணு மிதவை மட்டும் தளத்துல கிடந்துச்சு. உங்க பேசாலை வலையா, வேற ஊர் வலையா, எனக்கென்ன தெரியும்? அன்னையிலிருந்து உனக்கு எழுத உட்கார்ந்தா கை ஓடல.

1990-ல நீ ஒரு பையோட மண்டபம் அகதி முகாமுக்கு வந்த. அப்புறம் சண்டையால உங்க ஆளுகளைக் கடலுக்கே விடாத வருஷங்கள்ல, நாங்க உங்க கடல்ல இறால் அள்ளினோம். எங்க வீட்டு மாடி அந்தக் காசுதான்டா. நீ அந்த மாடியில உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிட்டிருக்க, ஒரு வார்த்தை சொன்னதில்ல. சண்டை முடிஞ்சு ஊர் திரும்பி நீ ஃபைபர் படகும் வலையும் வாங்கினப்பவும் நாங்க இழுக்குறதை நிறுத்தல. 2010-ல உங்க ஆளுங்க சென்னைக்கு வந்து பேசி, ஒரு வருஷத்துல இழுவைமடியை விட்டுடுறோம்னு எங்க தலைவர்கள் ஒத்துக்கிட்டாங்களே, அந்த ஒரு வருஷம் இன்னும் முடியல.

ஆனா எங்க நெருக்கடியையும் கேளு. கரையோரம் நாட்டுப்படகுக்காரன் மீன் பிடிக்கிற இடம், அங்க நாங்க இழுக்கக் கூடாதுன்னு 1983 சட்டம். வாரத்துல மூணு நாள் எங்களுக்கு, நாலு நாள் அவங்களுக்கு. கரையை விட்டு வெளிய போனா 1974-ல போட்ட எல்லைக்கோடு. நடுவுல இருக்குற தண்ணியில இத்தனை போட்டும் சுத்தினா தரையில என்ன மிஞ்சும்? பதினஞ்சு மீட்டர்கூட ஆழமில்லாத கடல்டா அது. பலகை இழுத்த இடம் உழுத வயல் மாதிரிதான், கடல்புல்லும் போச்சு மீன்குஞ்சும் போச்சு.

மாத்தணும்னு 2017-ல அரசாங்கம் ஆழ்கடல் திட்டம் கொண்டு வந்துச்சு. 80 லட்ச ரூபாப் போட்டு, 70 சதவீதம் மானியம், மிச்சம் கடனும் கைக்காசும். ரெண்டாயிரம் போட்டு மாத்துறதுதான் கணக்கு, அது பக்கத்துலகூட வரல. இன்னைக்குப் போய் நாளைக்குத் திரும்புறவனை ரெண்டு வாரம் சூரை மீனுக்குத் தூண்டில் போடுன்னா எப்படி? கடன்காரனும் கூடவே வருவான். நானும் ஃபாரம் வாங்கிட்டு வந்து, அதுமேலயே டீ கிளாஸை வச்சேன்.

ரெண்டு கவர்மெண்டும் இந்தக் கடலை எப்படிப் பார்க்குதுன்னு கடல் அட்டையை வச்சே சொல்லிடலாம். 2001-லருந்து எங்க பக்கம் கடல் அட்டையைத் தொட்டா ஜெயில். உங்க பக்கம் வளர்த்து ஏத்துமதி. தான் எந்த நாட்டு அட்டைன்னு அதுக்குத் தெரியுமா? கடத்துறவனுக்கு நல்லாத் தெரியும். ஆவுளியா, அதான் கடல் பசு, அதோட கதையும் அதான். 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டரை அதுக்குன்னு ஒதுக்கினாங்க, நல்ல காரியம். அது மேயுற புல்லு கோட்டோட நின்னுடுமா? இதோ இப்ப 61 நாள் போட்டைக் கட்டிப்போட்டுட்டு உட்கார்ந்திருக்கோம். உங்க பக்கம் அதே நாள்ல தடை கிடையாது. மீன் முட்டை போடுறது ஒரு கடல், சட்டம் மட்டும் ரெண்டு.

நீ சிரிப்ப, இழுவைமடிக்காரன் ஞானம் பேசுறான்னு. சிரி. உங்க அரசாங்கம் 2017-லயே இழுவைமடியைச் சட்டம் போட்டு நிறுத்திடுச்சு, அதுல நீங்க எங்களுக்கு அண்ணன். ஆனா மன்னார்ல மீனுக்கு வெடி போடுறவனைப் பத்தியும் நீயே ஒருதடவை சொல்லியிருக்க, ஞாபகம் இருக்கா?

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். டெல்லியும் கொழும்பும் பிடிச்ச ஆளை விடுறதைப் பத்தியே பேசுதுங்க. பிடிக்கிறது, விடுறது, மறுபடி பிடிக்கிறது. அதுக்குப் பதிலா ரெண்டு கரை ஆளும் ஒரே மேசையில உட்காரணும். நாட்டுப்படகுக்காரன், போட்டுக்காரன், நண்டு உடைக்கிற பொம்பளைங்க, மீன் கணக்குப் படிச்சவங்க எல்லாரும். எந்த மாசம் மூடுறது, எத்தனை படகு, எந்த வலை, புல்லு இருக்குற இடம் எதுன்னு இந்தக் கடலுக்கு ஒரே கணக்கு போடணும். கோடு இருக்குற இடத்துலயே இருக்கட்டும், அதைப் பத்தி எனக்குச் சண்டை இல்ல. மடியை விடுறவனுக்கு மட்டும் கையில ஏதாவது தரணும், இல்லன்னா என் போட்டு மாதிரி எல்லாம் வேற எவன் கைக்காவது போய் அங்கயேதான் இழுக்கும். ஆமா, வாங்கினவன் இழுக்கத்தான் போறான். அதை நினைச்சா ராத்திரி தூக்கம் இல்ல. உடைச்சு விறகாக்கியிருக்கணும். காசு வேண்டியிருந்துச்சு மச்சான்.

இப்ப மாமா மகனோட வல்லம் படகுல நண்டுக்குப் போக யோசனை. நண்டுவலை கட்ட எனக்குத் தெரியாது, நீதான் சொல்லித்தரணும். சிரிக்காதே.

அந்த மூணு மிதவையும் பரண்ல கிடக்கு. உங்க ஊர்ல யாரு பச்சை அடிக்கிறாங்கன்னு கேட்டு எழுது. திருவிழாவுக்குக் கொண்டு வர்றேன்.

உன்
சம்மாட்டி (பழைய)