புரோகிராமிங் கேபிளின் மேல் சிப்பின் பெயரை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மைக்ரோகன்ட்ரோலர்களில் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்களில்) நிரல் ஏற்றப் பயன்படும் யுஎஸ்பி கேபிள்களை விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றை மொத்தமாக வாங்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். கேபிளுக்குள் இருக்கும் சிப் எது என்பதை அதன் உறையிலும் பில்லிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தராத கேபிளைக் கல்லூரிகள் வாங்கக் கூடாது. இந்த ஒரு வரி எழுதப்படாததால், ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட் வேலை தொடங்கும் காலத்தில், எலக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் ஓர் எல்இடியை எரிய வைப்பதற்கு முன்பே டிரைவரோடு, அதாவது கேபிளைக் கணினி அடையாளம் கண்டு இயக்க உதவும் மென்பொருளோடு, மல்லுக்கட்டிச் சோர்ந்துபோவதை ஆய்வகத்தில் பார்த்து வருகிறேன்.

பார்வைக்கு அது வெறும் ஒயர்தான். ஆனால் யுஎஸ்பி முனையின் பிளாஸ்டிக் உறைக்குள், அல்லது மாணவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அர்டுயினோ வகை மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் சாக்கெட்டுக்குப் பக்கத்தில், யுஎஸ்பி வழியாக வரும் தகவலை மைக்ரோகன்ட்ரோலருக்குப் புரியும் சீரியல் (ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்) சமிக்ஞையாக மாற்றித் தரும் சிப் ஒன்று இருக்கிறது. கணினியில் செருகியதும் அந்தச் சிப், தயாரிப்பாளருக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண் என இரண்டு எண்களைச் சொல்கிறது. எந்த டிரைவரை ஏற்றுவது என்பதை விண்டோஸ் அவற்றைக் கொண்டுதான் தீர்மானிக்கிறது. 0403, 6001 என்று வந்தால் அது ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி232ஆர். 1ஏ86, 7523 என்று வந்தால் சீனாவின் நான்ஜிங் நகரத்து டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்340. தைவானின் புரோலிஃபிக் தயாரிக்கும் பிஎல்2303, அமெரிக்காவின் சிலிக்கான் லேப்ஸ் தயாரிக்கும் சிபி2102 ஆகியவையும் இங்கே புழக்கத்தில் உள்ளன. நான்குக்கும் டிரைவர் வேறு வேறு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் "யுஎஸ்பி டு டிடிஎல் கேபிள்" என்று மட்டும் கேட்கும் மாணவனுக்கு இவற்றில் எது கிடைக்கும் என்பது அன்றைக்குக் கடையில் இருக்கும் சரக்கைப் பொறுத்தது.

கேபிள் வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தோன்றும். அதை இரண்டு முறை கிளிக் செய்தால் ஒரு கோட் எண் தெரியும். 28 என்றால் டிரைவர் ஏறவே இல்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் இயங்கத் தொடங்கவில்லை. மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. மஞ்சள் முக்கோணமோ புதிய பெயரோ எதுவுமே தோன்றாவிட்டால், செருகியிருப்பது சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமான, டேட்டா கம்பி இல்லாத கேபிளாக இருக்கக்கூடும். அதற்கு டிரைவரைத் தேடுவது வீண். ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்ற மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். வேண்டிய டிரைவர் வருகிறதோ இல்லையோ, வேண்டாத நாலு மென்பொருள்கள் கணினியில் குடியேறிவிடுகின்றன. சிப்பின் பெயர் கையில் இருந்தால் தயாரிப்பாளரின் தளத்துக்கே நேராகப் போய்ச் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

இதில் அதிகம் வதைப்பவை போலி சிப்கள். புரோலிஃபிக்கின் பிஎல்2303எச்எக்ஸ்ஏ என்ற பழைய வகையைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள் சந்தையில் ஏராளமாகப் பெருகியதால், அந்நிறுவனம் தன் புதிய டிரைவர்களில் அவ்வகைக்கு ஆதரவை நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கேபிளை விண்டோஸ் 11 கணினியில் செருகினால், டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இவ்வகை 2012 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது, உங்களுக்கு விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற ஆங்கில வாசகம் பெரிய எழுத்துகளில் நிற்கிறது. விற்றவரைத் தொடர்புகொண்டால் என்ன நடக்கிறது? "எங்க சிஸ்டத்துல ஒர்க் ஆகுதே சார், உங்க விண்டோஸ்ல ஏதோ பிரச்சினை" என்ற பதில்தான் கிடைக்கிறது. பில்லில் "கேபிள் - 1" என்று மட்டும் இருக்கும்போது மாணவன் எதைக் காட்டி வாதாட முடியும்? பிறகு யாரோ சொல்லிக்கொடுத்தபடி பழைய பதிப்பு டிரைவரைத் தேடிப் பிடித்து, டிவைஸ் மேனேஜரில் கையால் தேர்ந்தெடுத்து ஏற்றுகிறான். கேபிள் உயிர் பெறுகிறது. விண்டோஸ் அப்டேட் அந்த டிரைவரைப் புதுப்பித்துவிட்டால் மீண்டும் பழைய கதைதான். அது புராஜெக்ட் வைவா நாளன்று நடக்கும்போது அந்த மாணவனின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

எஃப்டிடிஐ விவகாரம் இதைவிடக் கடுமையானது. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்நிறுவனத்தின் டிரைவர், போலி எஃப்டி232 சிப்களின் பொருள் எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அசல் சிப்பில் அந்த மாற்றம் பலிக்காது; போலி அதை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு எந்தக் கணினியில் செருகினாலும் தன் எண்ணை 0000 என்றே சொல்லும். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் வந்த இன்னொரு பதிப்பு எண்ணை மாற்றாமல், போலி சிப் அனுப்ப வேண்டிய தகவலின் இடத்தில், இது அசல் சாதனம் அல்ல என்ற வாசகத்தை அனுப்பியது. தன் பொருளைக் காக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் போலியைச் செய்தவனும் தப்பினான், விற்றவனும் தப்பினான். காசு கொடுத்து நம்பி வாங்கியவன் தலையில்தான் தண்டனை விழுந்தது. இந்த அநியாயத்தை நம் ஊரில் குறைக்கக்கூடிய எளிய வழி பில்லில் பெயர் எழுதுவதுதான். எஃப்டி232ஆர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போலியைத் தந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிட மாணவனிடம் ஓர் ஆவணம் இருக்கும். இன்னொன்றையும் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும். மாணவர்களின் தேவைக்கு விலை குறைந்த சிஎச்340 தாராளமாகப் போதும். அதைச் சிஎச்340 என்றே சொல்லி விற்பது, போலி எஃப்டிடிஐயை அசல் என்று விற்பதைவிட எவ்வளவோ மேல்.

ஏவிஆர் வகை மைக்ரோகன்ட்ரோலர்களுக்குப் பரவலாகப் பயன்படும் யுஎஸ்பிஏஎஸ்பி என்ற புரோகிராமரை (நிரல் ஏற்றும் கருவியை)ப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதற்காகச் சொல்லப்படும் ஒரு யோசனை ஆபத்தானது. தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்ட அருமையான கருவி அது. ஆனால் அதற்குரிய டிரைவர் விண்டோஸில் பொதுவாகத் தானாக ஏறாது. விண்டோஸ் விஸ்டாவின் 64-பிட் பதிப்பு முதலே கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) ஏறும் டிரைவருக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். அதனால், கணினியை ரீஸ்டார்ட் செய்து கையொப்பச் சோதனையையே அணைத்துவிட்டுப் பழைய டிரைவரை ஏற்றச் சொல்லும் வீடியோக்கள் சுற்றிவருகின்றன. பல மாணவர்கள் மாறி மாறி உட்காரும் ஆய்வகக் கணினியில் அதைச் செய்வது வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம். ஜாடிக் என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் சோதனையை அணைக்காமலேயே முடித்துத் தருகிறது. அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி பட்டியலைத் திறந்துவிட்டு, அவசரத்தில் மவுஸையோ கீபோர்டையோ தேர்ந்தெடுத்து டிரைவரை மாற்றிவிட்டால் அது வேலை செய்யாமல் போய்விடும். மாற்றுவதற்கு முன் சாதனத்தின் பெயரையும் இரண்டு எண்களையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும்படி மாணவர்களைப் பழக்குவது நல்லது.

லினக்ஸில் இந்தத் தொல்லை குறைவு. நான்கு சிப்களுக்கும் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, உபுண்டு போன்றவற்றில் சீரியல் சாதனங்களைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்த்துவிட்டால் போதும். ஆனால் உபுண்டு 22.04-இல், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், அத்தகைய கருவி ஒன்றிலும் சிஎச்340-இன் அதே இரண்டு எண்கள் இருப்பதால், சிஎச்340 கேபிளைத் தனக்குரியது என்று பிடித்துக்கொள்கிறது. அதை நீக்கிவிடுங்கள் என்பதே இணையத்தில் கிடைக்கும் பொதுவான அறிவுரை. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களும் பயன்படுத்தும் கணினிகளில் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அந்த மென்பொருளில் அந்த எண்களுக்கான விதியை மட்டும் முடக்கினாலே கேபிள் விடுபட்டுவிடும்.

கல்லூரிகளின் பொறுப்பு கடைக்காரர்களின் பொறுப்பைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். கொள்முதல் குறிப்பில் "யுஎஸ்பி புரோகிராமிங் கேபிள்" என்று மட்டும் எழுதி, எல்-1 விலை, அதாவது மிகக் குறைந்த விலை, கொடுத்தவரிடம் வாங்கினால், வருவது எதுவாகவும் இருக்கலாம். சிப்பின் பெயர், சமிக்ஞை 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்ற விவரம், எந்த விண்டோஸ் பதிப்பில் தயாரிப்பாளரின் தற்போதைய டிரைவரோடு இயங்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகிய மூன்றையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். ஆய்வகக் கணினிகளில் மாணவர்களுக்கு அட்மின் அனுமதி இருப்பதில்லை. ஆகவே செமஸ்டர் தொடங்கும் முன்பே துறையினர் டிரைவர்களை ஏற்றி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த கோப்புகளைத் துறையின் சர்வரிலும் வைத்துவிட வேண்டும்.

சரக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொரு கேபிளிலும் டிஎக்ஸ் (தகவல் அனுப்பும்), ஆர்எக்ஸ் (தகவல் பெறும்) முனைகளை ஒரு ஜம்பர் ஒயரால் இணைத்து, கேபிளில் போய்வரும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டர் மென்பொருளில் ஓர் எழுத்தைத் தட்டிப் பார்க்கலாம். அந்த எழுத்து அப்படியே திரும்பி வந்தால் சிப்பும் டிரைவரும் சேர்ந்து இயங்குகின்றன என்று பொருள். இந்தச் சோதனையில் தேறாத கேபிளுக்குப் பில் பாஸ் செய்யாமல் கடைக்கே திருப்பி அனுப்பும்படி துறைத்தலைவர்களையும் கொள்முதல் குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
எலக்ட்ரானிக்ஸ் ஆய்வக ஆசிரியர் ஒருவர்,
மதுரை