ஏழாவது முறையும் வந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் மகளின் கழுத்தில் இருந்த கடைசித் தையலையும் பிரித்துவிட்டார்கள். இது ஏழாவது அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்ததும் உங்களுக்கு எழுதலாம் என்று மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். "எல்லாம் முடியறதுன்னா, இவ வளர்ந்து முடியணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. இனியும் காத்திருப்பது முறையில்லை.

முதல் நன்றி, எப்படி நடந்தது என்று கேட்காதவர்களுக்கு. கொதிக்கும் வெந்நீர், ஒரு நிமிடக் கவனக்குறைவு, அதுவும் என்னுடையது. மருத்துவமனை வரிசையிலும் லிஃப்டிலும் முன்பின் தெரியாதவர்கள் அதைக் கேட்பார்கள். நான் பதில் தேடுவதற்குள் மனைவி பேச்சை மாற்றிவிடுவாள். நீங்கள் கேட்கவில்லை. கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள்.

முதல் அறுவை சிகிச்சையின்போது வார்டுக்கு வெளியே நிற்க இடம் இல்லை, அவ்வளவு கூட்டம். மூன்றாவதற்குப் பாதிப் பேர். அதில் யார் மீதும் குறை இல்லை. வேறொரு வீட்டில் இப்படி நடந்திருந்தால் மூன்றாவதற்கு நானே போயிருப்பேனா என்று தெரியாது. ஏழாவதற்கு வந்தவர்களை ஒரு காரில் ஏற்றிவிடலாம். இந்த மடல் முக்கியமாக அந்தக் காருக்குத்தான்.

புண் ஆறிவிட்டதே, இன்னும் எதற்கு ஆபரேஷன் என்று பலர் கேட்டார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆறிய பிறகுதான் தழும்பு தன் வேலையைத் தொடங்குகிறது. மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். கழுத்தில் இருந்தால் தாடையை மார்பை நோக்கி இழுக்கும். குழந்தைக்கு இன்னொரு சிக்கல், எலும்பும் உயரமும் வளரும், தழும்பு அந்த வேகத்தில் கூட வளராது. போன வருடம் போதுமாக இருந்த தோல் இந்த வருடம் பற்றாது. ஆகவே சுருங்கிய தழும்பை மறுபடி வெட்டி விடுவிப்பது, அந்த இடத்தில் மறுபடி தோல் வைப்பது.

தோல் வைத்த பிறகு வரும் ஐந்து நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடையிலிருந்து மெல்லியதாகச் சீவி எடுத்த தோல், புதிய இடத்தில் முதல் ஓரிரு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்குமாம். அப்புறம்தான் ரத்தக்குழாய்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து இணையும். அதுவரை அசையக் கூடாது. அடியில் ரத்தம் கட்டக் கூடாது. ஆறு வயதுக் குழந்தையிடம் கழுத்தை ஆட்டாதே என்று ஐந்து நாள் சொல்லிப் பாருங்கள். அவளோ கழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தோல் எடுத்த தொடைதான் எரிகிறது என்று அழுதாள். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்த நர்ஸ், பஞ்சு ஒட்டியிருந்த ஒவ்வொரு இடத்தையும் நனைத்து நனைத்து, அவசரமே இல்லாமல் எடுத்தார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். கடைசிப் பஞ்சை எடுத்துவிட்டு, "பிடிச்சிடுச்சு" என்றார். சிஸ்டர், அந்த ஒரு வார்த்தைக்கு நான் உங்களுக்குச் சரியாக நன்றி சொல்லவே இல்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன்.

மயக்க மருந்து டாக்டருக்கும் ஒரு நன்றி. கழுத்து நிமிராத குழந்தைக்கு மூச்சுக் குழாய் செலுத்துவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியாது. மெல்லிய கேமராக் குழாயை மூக்கு வழியாக விட்டு வழி பார்த்துத்தான் செய்யப்போகிறோம் என்று முந்தின நாளே உட்கார்ந்து படம் வரைந்து காட்டினார். அந்தப் படத்தை மகள் இன்னும் வைத்திருக்கிறாள். (இன்னோர் இடத்தில், மதியம் வரை வெறும் வயிற்றோடு காத்திருந்தவளை, அவசர கேஸ் வந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. காரணம் நியாயம்தான். சொன்ன விதம் இன்னும் உறுத்துகிறது.)

அலைச்சல் அதிகமானது ஐந்தாவதில். நல்ல தோலுக்கு அடியில் ஒரு சிலிக்கான் பலூனை வைத்து, வாராவாரம் ஊசி மூலம் உப்புநீர் ஏற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதுவார்கள். மேலே உள்ள தோல் விரிந்து கூடுதல் தோல் கிடைக்கும். யோசனை அருமை. ஆனால் அந்தப் பத்து நிமிட ஊசிக்கு ஓர் இரவு முழுக்க ரயிலில் போய், மறு இரவு திரும்ப வேண்டும், இரண்டு மாதத்துக்கு. இரண்டாவது வாரமே மனைவிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அப்போது எங்கள் ஊரில் இருந்த ஒரு சர்ஜன், எங்களை முன்பின் தெரியாதவர், அங்குள்ள டாக்டரோடு போனில் பேசி, எவ்வளவு ஏற்ற வேண்டும், தோல் வெளுத்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, தானே போட ஒப்புக்கொண்டார். ஆறு பயணம் மிச்சம். என் பையனுக்கு அது, அம்மா வீட்டில் தன்னோடு இருந்த ஆறு வாரம்.

அப்படியும் போக வேண்டியிருந்த பயணங்களில் ஒன்றில், எதிர் இருக்கையில் இருந்த ஒரு சின்னப் பெண் மகளின் தோள்பட்டைப் புடைப்பைக் காட்டி, "அது என்ன?" என்று உரக்கக் கேட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா வாயைப் பொத்தவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. "அக்காகிட்டயே கேளு" என்றார். மகள் பெருமையாகச் சொன்னாள்: "உள்ள பலூன் இருக்கு. வாராவாரம் ஊதுவாங்க." அப்புறம் தூங்கும் வரை இரண்டும் ஒரே படுக்கையில்தான். அம்மா, நீங்கள் யாரென்று தெரியாது. இது உங்கள் கண்ணில் பட வாய்ப்பும் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கீழ் வீட்டு அக்கா, உங்களுக்கு என்ன எழுத? தழும்பு தடிக்காமல் அழுத்தி வைக்க மகள் ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டிய அந்த இறுக்கமான உடையைத் துவைத்து, வெயில் படாமல் காயவைத்து, மாற்று உடையோடு தினமும் படியேறி வந்தீர்கள், முழங்கால் வலியோடு. ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள் என்று நிறையப் பேர் சொன்னார்கள், நல்ல மனதோடுதான். அந்த நாட்களில் என்ன வேண்டும் என்று யோசிக்கவே எங்களுக்குத் தெம்பில்லை. நீங்கள் கேட்காமல் சாவியை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என் நண்பனும் அப்படித்தான். விடிகாலை நாலு மணிக்கு ரயில் வந்து நிற்கும்போதெல்லாம் பிளாட்பாரத்தில் கொட்டாவி விட்டபடி நிற்பான்.

பெரியவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். அவனுக்கு இப்போது பதின்மூன்று. தங்கையின் ஆபரேஷன் தேதிகளால் அவன் பிறந்தநாள் இரண்டு முறை எங்களுக்கு மறந்துபோனது. இரண்டாவது முறை என் தம்பி வந்து அவனை நாள் முழுக்க வெளியே கூட்டிப்போனான். தங்கையைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லையாம். அவன் வகுப்பு ஆசிரியை, பெற்றோர் சந்திப்புக்கு வர முடியாத எங்களை இரவு போனில் கூப்பிட்டுப் பேசினார். அவன் மதிப்பெண் குறைந்ததைக் கடைசியில்தான் சொன்னார், அதற்கு முன் அவன் வரைந்த படங்களைப் பற்றிச் சொன்னார்.

தழும்பு அரித்து மகள் தூங்காத இரவுகளில், சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கதை படித்தவன் அவன்தான். அப்படித்தான் கினிப்பன்றிகள் சங்கம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தில் தீக்காயம் பட்ட வீரர்களுக்கு, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற சர்ஜன் முகத்தையும் கைகளையும் சீரமைத்தார். அந்த நோயாளிகள் 1941-இல் தொடங்கிய சங்கம் அது. ஊர்க்காரர்கள் அவர்களை வெறித்துப் பார்க்காமல் வீட்டுக்கு அழைத்துப் பழகினார்களாம். மகளுக்குப் பிடித்தது வேறு: பொருளாளராகக் கால் வெந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், பணத்தோடு ஓட முடியாது என்பதால். செயலாளருக்கு விரல்கள் வெந்திருந்தன, நிறைய எழுத மாட்டார். மூன்று நாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அவளும் ஒரு சங்கம் தொடங்கிவிட்டாள். அண்ணன் செயலாளர், அவன் கையெழுத்து யாருக்கும் புரியாது. கீழ் வீட்டு அக்கா பொருளாளர், முழங்கால் வலிக்கு ஓட முடியாது. நண்பனுக்குப் போக்குவரத்து. எனக்குப் பதவி இல்லை, வெறும் உறுப்பினர். அட்டைகளை அவளே வெட்டி எழுதியிருக்கிறாள். இந்த மடலோடு உங்கள் அட்டையையும் வைத்திருக்கிறேன். எட்டாவது அடுத்த வருடம் பள்ளி விடுமுறையில். வரும்போது அட்டையைக் கொண்டுவர வேண்டுமாம், இல்லாவிட்டால் வார்டுக்குள் விட மாட்டாளாம்.

அன்புடன்,
அவளுடைய அப்பா