வண்ணம் இருந்தால் சிறுவர் படமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'ஆல் யூ நீட் இஸ் கில்' அனிமேஷன் படத்தைப் பற்றி வந்த சிறு குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. டாம் குரூஸ் நடித்த பழைய படத்தை யாரோ குழந்தைகளுக்காகக் கலர் பூசிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற பொருளில் உங்கள் விமர்சகர் ஒரு வரி எழுதியிருக்கிறார். அது வந்த இடமோ சிறுவர் பக்கம். மேலே விடுகதை, கீழே புள்ளிகளை இணைத்து யானை வரையும் படம், நடுவில் இது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். இந்தக் கதை டாம் குரூஸ் படத்திலிருந்து வந்ததல்ல. ஹிரோஷி சகுராசகா என்ற ஜப்பானிய எழுத்தாளர் 2004-இல் எழுதிய நாவல் இது. வேற்றுலக ஜந்துக்களோடு நடக்கும் போரில் முதல் நாளே செத்துப்போகிறான் கேய்ஜி என்ற புதுச் சிப்பாய். செத்தவன் முந்தைய நாளில், தன் படுக்கையிலேயே கண்விழிக்கிறான். மறுபடி அதே பயிற்சி, அதே போர், அதே சாவு. இது எத்தனையாவது முறை என்பதைக் கையின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்கிறான். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கை வெறுமையாக இருக்கும். நினைவிலிருந்து எடுத்து மறுபடி எழுத வேண்டும். வீடியோ கேமில் தோற்றவன் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆடுவதைத்தான் சகுராசகா கதையாக்கினார். அதை 2014-இல் தகேஷி ஒபாட்டா மங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக வரைந்தார். ஹாலிவுட் படம் வந்ததும் அதே ஆண்டுதான். அதில் ஜப்பான் போய் ஐரோப்பா வந்தது, கேய்ஜி போய் கேஜ் வந்தார். இத்தனைக்கும் பிறகு மூலக்கதைக்காரர் பெயரையே விட்டுவிட்டு, ஜப்பான்காரர்கள் தங்கள் கதையைத் தாங்களே படமாக்கியதை நகல் என்று எழுதுவது என்ன நியாயம்?

படத்தை எடுத்தது 'ஸ்டுடியோ 4 டிகிரி சி'. தண்ணீர் மிக அடர்த்தியாக இருக்கும் வெப்பநிலை அது. அதையே பெயராக வைத்துக்கொண்ட நிறுவனம். செத்துப் பிழைத்தவனின் கதையான 'மைண்ட் கேம்' படத்தை 2004-இலேயே எடுத்தவர்கள். இந்தப் படத்தின் இயக்குநர் கெனிச்சிரோ அகிமோட்டோ. அவர் பெயரும் உங்கள் குறிப்பில் இல்லை.

நாவல் பெரும்பாலும் கேய்ஜியின் வாயால் சொல்லப்படுவது. படமோ ரீட்டா என்ற பெண்ணின் பக்கம் நின்று பார்க்கிறது. டாரோல் என்ற ராட்சதத் தாவரம் பூமிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கிறது. சுற்றியுள்ள இடத்தைச் சீர்செய்யும் வேலையில் ரீட்டா இருக்கிறாள். ஒருநாள் அது பூக்கிறது. பூவிலிருந்து வெளிப்படும் ஜந்துக்கள் மனிதர்களைக் கொல்கின்றன, அவளும் சாகிறாள். பிறகு எழுகிறாள், பிறகு சாகிறாள். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதைத் தியேட்டரில் பார்த்தேன். கொல்ல வருவது இத்தனை அழகாக இருக்கிறதே என்பதுதான் பயம். சாம்பலும் சேறும் நிறைந்த போர்க்களமாக இருந்தால் கண் தானாகவே தயாராகிவிடும். இங்கே திருவிழாப் பந்தல் போல ஜொலிக்கும் ஒன்றின் நடுவே ஒரு பெண் தன்னந்தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறாள். யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், சொல்லிப் புரியவைத்தாலும் மறுநாள் அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. அந்தத் தனிமையைக் காட்டத்தான் அத்தனை வண்ணம். அதைக் குழந்தைகளுக்கான பூச்சு என்கிறார் உங்கள் விமர்சகர்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மகளின் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். உங்கள் குறிப்பை இணையத்தில் படித்துவிட்டுத் தங்கள் ஏழு வயதுப் பையனை இந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார்கள். பாதியிலேயே எழுந்து வர வேண்டியதாயிற்று. "ஆன்ட்டி, குழந்தைங்க படம்னுதானே போட்டிருந்தாங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். அன்று இரவு பையன் தனியாகப் படுக்க மாட்டேன் என்று அழுதானாம். உங்கள் பத்திரிகையை முப்பது வருடத்துக்கும் மேலாக வாங்குகிற நான் என்ன பதில் சொல்வது?

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாக நினைவில்லை. ஆண்டு விழா வந்தால் மட்டும் போர்டில் பூ வரைய என்னைக் கூப்பிடுவார்கள். வண்ணம் என்றால் அலங்காரம், படம் என்றால் பிள்ளை விளையாட்டு என்ற எண்ணத்தோடு மல்லுக்கட்டியே என் உத்தியோகம் முடிந்தது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு கிரேயான் பெட்டிகள் கொடுத்தோம். சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தால் பல பெட்டிகளில் கருப்பு முனை மழுங்காமல் அப்படியே இருந்தது. ஆரஞ்சும் ஊதாவும் பச்சையும் தாள் கிழிந்து, விரலால் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. அத்தனை பளிச்சென்ற நிறங்களில் அவர்கள் வரைந்தது அந்த அலையைத்தான். பளிச்சென்று இருந்தால் சந்தோஷம், சந்தோஷமாக இருந்தால் சிறுவர் பக்கம் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் ஐயா?

இதே பத்திரிகை, 2021-இல் 'மாநாடு' வந்தபோது, கதாநாயகன் செத்துச் செத்து அதே நாளுக்குத் திரும்புவதை விளக்க இரண்டு முழுப் பக்கம் ஒதுக்கியது. வெங்கட் பிரபு பாராட்டப்பட வேண்டியவர்தான், மறுக்கவில்லை. நடிகர் செத்துப் பிழைத்தால் அறிவியல் புனைவு, வரையப்பட்ட பெண் செத்துப் பிழைத்தால் விடுகதைக்குக் கீழேயா? இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோதும் சிறுவர் பக்கத்தில் நான்கு வரிதான். அதற்காக எத்தனையோ வருடம் அலைந்த ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ பெயர் இல்லை, நம் நாட்டு அனிமேஷன் கலைஞர் ராம் மோகன் பெயரும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிறுகதைகளுக்கு வரையும் ஓவியர்களின் பெயரைப் போடுவதை நீங்கள் நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. மணியம் வரைந்த வந்தியத்தேவனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கோபுலுவின் கோடு ஒன்றைப் பார்த்தாலே ஆள் யார் என்று சொல்லிவிடுவோம். இப்போது யார் வரைகிறார்கள் என்றே தெரியவில்லை. இதைப் பற்றி முன்பே எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, ஒரு வரி பதிலும் இல்லை. சரி, இடப் பற்றாக்குறை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீளமாக எழுதிவிட்டேன். கேட்பது இவ்வளவுதான். வரும் இதழில் இந்தப் படம் சிறுவர்களுக்கானது அல்ல என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதில் ஹிரோஷி சகுராசகா, கெனிச்சிரோ அகிமோட்டோ என்ற இரண்டு பெயர்களையும் சேருங்கள். இணையத்தில் இருக்கும் குறிப்பைச் சினிமா பகுதிக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே, சென்ற இதழின் 42-ஆம் பக்கச் சிறுகதைக்கு, மழையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெரியவரை வரைந்தவர் யார் என்பதையும் தெரிவித்தால் நன்றி சொல்வேன். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்.