யாரோடு வாழ்வது என்பதை எங்களிடம் விடுங்கள்: கொள்கை அமைப்புகளை நடத்தும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

விலங்குரிமை, சூழலியல், போர் எதிர்ப்பு, வருமானத்தில் ஒரு பங்கைப் பிறருக்குத் தருவது என்று ஏதோ ஒரு கொள்கைக்காக அமைப்பு நடத்துகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகளாக வீகன், அதாவது இறைச்சி, பால், முட்டை என்று விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவள். என்னோடு வாழ்பவர் வீகன் இல்லை. அவரை மாற்றும் திட்டமும் என்னிடம் இல்லை. இதைச் சொன்னதுமே உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். அந்த முகச்சுளிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். தான் விரும்புகிறவன் இறைச்சி சாப்பிடுகிறவன், இதை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆறு மாதம் பாருங்கள். மாறவில்லை என்றால் விட்டுவிடுங்கள்." கைதட்டினார்கள். அவள் எதுவும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அவன் எப்படிப்பட்டவன், அவளுடைய கொள்கையை மதிக்கிறானா, கேலி செய்கிறானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான அறிவுரையும் எனக்குப் பிடிக்காது. "காதல் என்று வந்தால் விட்டுக்கொடுத்துப் போக வேண்டியதுதான்" என்று வெளியே சொல்கிறார்களே, அது. யாருக்குக் காபி பிடிக்கும், யாருக்குத் தேநீர் பிடிக்கும் என்பது போன்ற விஷயம் இல்லை இது. அறவுறுதி பற்றி ஆராய்ந்துவரும் உளவியலாளர் லிண்டா ஸ்கிட்காவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. ஒரு விஷயத்தைச் சரி, தவறு என்ற அளவில் ஆழமாக நம்புகிறவர்கள், தங்களோடு அதில் மாறுபடுகிறவர் என்று தெரிந்தால் நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள். மனவிலக்கம் உடம்பிலேயே தெரிந்தது. அந்த விலக்கம் வீட்டுக்குள்ளும் வரத்தான் செய்யும். அதைத் தாங்க முடியாது என்று ஒருவர் தானாக முடிவெடுத்தால் அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 2007இல் நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இறைச்சி உண்பவரோடு நெருக்கமாக இருக்கத் தங்களால் முடியாது என்று சொன்ன வீகன்களைப் பற்றி எழுதியபோது, பத்திரிகைகள் அந்த மனிதர்களைக் கேலிப்பொருள் ஆக்கின. அவர்கள் பக்கம் நான் நிற்பேன். தன் உடலுக்கு அருகில் யார் வரலாம் என்பது அவரவர் முடிவு. அமைப்பு அதை விதியாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

கொள்கைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் சீடர்கள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் கடைசி ஆண்டைப் பாருங்கள். சொத்து பாவம் என்று நம்பியவர் அவர். 1881க்குப் பிறகு எழுதியவற்றின் பதிப்புரிமையை 1891இல் துறந்தார். மனைவி சோஃபியாவோ பதின்மூன்று பிள்ளைகள் பெற்றவர், கணவரின் கையெழுத்துப் படிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்தவர், குடும்பச் செலவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இருவருக்கும் இருந்த பிணக்கு உண்மையானது. பேசித் தீர்ந்திருக்குமா என்றால், தீராமலே போயிருக்கலாம். ஆனால் அவர்கள் பேசவே வழியில்லாமல் போனது வேறு காரணத்தால். 1910 கோடையில், சீடர் செர்த்கோவின் தூண்டுதலில், சோஃபியாவுக்குத் தெரியாமல் ஓர் உயில் தயாரானது. காட்டுக்குள் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து அதில் கையெழுத்துப் போட்டார் டால்ஸ்டாய். சில மாதங்களில், 82 வயதில், விடியும் முன்பே இருட்டில் வீட்டை விட்டுப் போனார். அஸ்தாபவோ ரயில் நிலைய அதிகாரியின் வீட்டில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது செர்த்கோவுக்கு அறைக்குள் இடம் இருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உடன் வாழ்ந்த சோஃபியாவை, டால்ஸ்டாய் நினைவிழக்கும் வரை உள்ளே விடவில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் சோஃபியாவின் படம் இன்றும் இருக்கிறது.

அந்த அறையில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தோழர்களே. கொள்கையைக் காப்பாற்றுகிறோம் என்றே நினைத்தார்கள். நம் கூட்டத்தில் கைதட்டியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இதையே விதியாக எழுதி வைத்தவர்களும் உண்டு. போரில் கலந்துகொள்ள மாட்டோம் என்று உறுதிபூண்ட குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர், இங்கிலாந்தில் நெடுங்காலம், தங்கள் சபைக்கு வெளியே மணம் செய்தவர்களை நீக்கிவந்தார்கள். சபை மெலிந்துகொண்டே போனது. அது ஏன் என்று 1859இல் எழுதிய ஜான் ஸ்டீஃபன்சன் ரௌன்ட்ரீ, இந்த விதியை முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டினார். அதையொட்டியே விதி தளர்ந்தது. நீக்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் போரை வெறுப்பதை நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். சபைதான் அவர்களை இழந்தது.

சரி, அப்படியானால் என்னதான் சொல்வது என்று கேட்பீர்கள். முதலில், மறைக்காதே என்று சொல்லுங்கள். சார்லஸ் டார்வினுக்கு எம்மாவை மணக்கும் முன்பே மத நம்பிக்கையில் சந்தேகம் வந்துவிட்டது. அதை மனைவியிடம் கவனமாக மறைத்துவிடு என்று அவருடைய அப்பா அறிவுரை சொன்னார். டார்வின் மறைக்கவில்லை. எம்மாவுக்கு அது வலித்தது. 1839இல் திருமணமான பின் அந்த வலியை ஒரு கடிதமாகவே கணவருக்கு எழுதினார். டார்வின் அதைக் கடைசிவரை வைத்திருந்தார். நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்ற பொருளில் அதன் அடியில் எழுதியும் வைத்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் மாற்றவில்லை. கடைசிவரை சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

அப்புறம், நான் எடுத்த உறுதி என்னைத்தான் கட்டும் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய 'கிவிங் வாட் வீ கேன்' அமைப்பில் சேர்பவர்கள் தங்கள் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தருவதாக உறுதி எடுக்கிறார்கள். தங்கள் வருமானத்தில் என்பதைக் கவனியுங்கள், துணைவரின் சம்பளத்தில் இல்லை. ஆனாலும் இரண்டு சம்பளத்தில் ஓடும் வீட்டில் ஒரு சம்பளம் குறைந்தால் அது இருவரையும் தொடும். அதனால் அதை உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். குழந்தை விஷயம் இதைவிடக் கடினம். குழந்தையின் தட்டில் என்ன இருக்கும் என்பதில் பாதிப்பாதி என்று ஒன்று கிடையாது. இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொன்னால் அது உண்மையான உதவி. ஆறு மாதக் கெடு கொடுப்பது உதவி இல்லை.

எங்கள் வீட்டில் நான் சமைத்தால் பாலும் முட்டையும் இருக்காது. அவருக்கு வேண்டியதை அவர் தன் பணத்தில் வாங்கித் தானே சமைத்து, அந்தப் பாத்திரத்தையும் தானே கழுவிவிடுவார். ஒருமுறை அவர் கடும் காய்ச்சலில் படுத்திருந்தபோது முட்டை கேட்டார். என் கையால் வாங்க மனம் வரவில்லை. ஒரு நண்பரைக் கூப்பிட்டு வாங்கித் தரச் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் "அதுவும் இதுவும் ஒன்றுதானே" என்று அவர் என்னை மடக்கவில்லை. பிறகு நடந்த சண்டைகளிலும் அதை எடுத்துப் பேசியதில்லை. கொள்கையில் மாறுபடும் இருவர் சேர்ந்து வாழ முடியுமா என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: உன் கொள்கையில் இருக்கும் இடைவெளியை அவர் ஆயுதமாக எடுக்கிறாரா? நீ அவருடையதை எடுக்கிறாயா?

இடைவெளி எல்லாருக்கும் உண்டு. வீகன் வாழ்க்கைக்கு வீகன் சொசைட்டி என்ற அமைப்பு 1979இல் தந்த வரையறையிலேயே, முடிந்தவரை, நடைமுறைக்கு இயன்றவரை என்று இருக்கிறது. மருந்துக்கும் பயணத்துக்கும் பிழைப்புக்கும் நாம் அதை நீட்டிக்கொள்கிறோம். நாம் நேசிக்கும் மனிதர் என்று வரும்போது மட்டும் ஏன் சுருக்குகிறோம்?

கடைசியாக மூன்று வேண்டுகோள். சேர்க்கைப் படிவத்தில் துணைவரும் இந்தக் கொள்கை உடையவரா என்று கேட்கும் கேள்வியை எடுத்துவிடுங்கள். காதலனை மாற்றியவர்கள், மனைவியை மாற்றியவர்கள் என்று மேடையேற்றிப் பாராட்டுவதை நிறுத்துங்கள். மாற்ற முடியாதவர்கள் அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாறுபடும் துணைவரோடு வாழ்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, மேடை இல்லாத, தீர்ப்பு சொல்லாத ஒரு தனி அமர்வுக்கு இடம் கொடுங்கள். அதை நடத்தும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதலில் அழைக்க வேண்டியது, அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை.

தோழமையுடன்,
உங்கள் உறுப்பினர் ஒருத்தி