பட்டுப் பிரிவில் போடாத நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் வயதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கு பேர் சேர்ந்து படித்தோம். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு என்பதும், நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது என்பதும் எங்களில் இரண்டு பேருக்குப் புதுச் செய்தி. ஆனால் எள், சோயா, நடைப்பயிற்சி, தியானம் என்று கட்டுரையை முடித்துவிட்டீர்கள். பகல் முழுக்க நாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்கு 48 வயது. என் பக்கத்தில் நின்றவர் என்னைவிட ஒரு வயது மூத்த அக்கா. பட்டு பளபளக்க வேண்டும் என்று தலைக்கு மேலே வரிசையாக விளக்கு போட்டிருப்பார்கள். ஏசி காற்று வாடிக்கையாளர் பக்கம் வரும், மேடைக்கு இந்தப் பக்கம் எட்டாது. சீருடையோ பாலியெஸ்டர் சேலை.

போன ஆடித் தள்ளுபடியின்போது, ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அக்கா அரக்குப் பட்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் மாதிரி ஏறி, முகம் சிவந்து, மோவாயிலிருந்து ஒரு சொட்டு வேர்வை சேலை மேல் விழுந்தது. சட்டென்று உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சூப்பர்வைசர் தம்பிக்கு 26 வயதுதான் இருக்கும். "முடியலைன்னா லீவு போட வேண்டியதுதானேக்கா" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அரை நாள் சம்பளம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

அனல் கூடப் பரவாயில்லை, ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். நிற்பதற்கு முன்னால் வரும் அந்த இரண்டு மூன்று வருடங்கள்தான் கொடுமை. மூன்று மாதம் வராது, வந்தால் பத்து நாள் நிற்காது. பெரும்பாடு என்று எங்கள் அம்மாக்கள் சொன்னது இதைத்தான். ஊழியர்களுக்கான கழிப்பறை ஐந்தாவது மாடியில் இருக்கிறது, லிஃப்டில் நாங்கள் ஏறக் கூடாது. சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறோம். அக்காவுக்கு இரத்தசோகை இருப்பது, படியில் ஒருநாள் மயங்கி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

உட்காருவதற்குச் சட்டமே இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை போட வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018லேயே இப்படித் திருத்தினார்கள். எங்கள் மாடியில் இரண்டு ஸ்டூல் இருக்கிறது, அட்டைப்பெட்டி வைத்திருக்கிறார்கள். அதை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். வயதானவள் உட்கார்ந்தால் இன்னொரு பெயரும் சேரும், "இனி இவங்க தாங்க மாட்டாங்க" என்று.

இந்தப் பேச்சுக்குப் பயந்து, "கர்ப்பப்பையை எடுத்துட்டா நிம்மதி" என்று சொல்பவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஒருத்தி எடுத்தும்விட்டாள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், ஒரு நாள் வராவிட்டால் அபராதம் என்பதால் கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் வந்ததே, அதைப் படித்தபோது எனக்கு அது வெளியூர்க் கதையாகத் தெரியவில்லை. கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால், மெல்ல மெல்ல நிற்க வேண்டியது ஒரே நாளில் நின்றுவிடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலாளிகளிடம் தனியாக மெனோபாஸ் விடுப்பு தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நாற்பது தாண்டியவர்களை வேலைக்கே எடுக்க மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. சீருடையைப் பருத்தியில் கொடுக்கட்டும். டோக்கன் முறையை எடுத்துவிடட்டும். மேடைக்கு உள்பக்கம் ஒரு மின்விசிறியும் நாற்காலியும் போடட்டும். ஒரு முகூர்த்தப் பட்டின் விலைக்குள் இதெல்லாம் முடிந்துவிடும். முடியாத நாளில் மருத்துவர் சான்று கொடுத்தால், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்தத் திட்டம். எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

அக்கா தீபாவளி சீசனுக்கு முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டார். எட்டு வருடம் ஏழு மாதம் சர்வீஸ். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த இதழில் அந்த 22-ஏ பிரிவை அப்படியே, கட்டம் கட்டி, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருச்சி.