மெனுவைக் காலியாக விடாதீர்கள்: மேக்குக்குச் செயலி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆப்பிளின் மேக் கணினிக்குச் செயலி எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

காலையில் கணினியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை நீங்கள் எழுதிய செயலிகளோடுதான் என் வேலை. பலவற்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், அவை அந்தக் காசுக்குத் தகுந்தவையே. இந்த மடலில் புதிதாக எந்த வசதியும் கேட்கப்போவதில்லை. மேக்கில் ஏற்கெனவே இருக்கும் வசதிகளுக்கு உங்கள் செயலி வழிவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அதிலும் முதலாவது, திரையின் உச்சியில் இருக்கும் மெனு.

1984-இல் முதல் மேக் வந்த நாளிலிருந்து மெனு அங்கேதான் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. சுட்டியை எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் அது திரையின் விளிம்பைத் தாண்டிப் போகாது. குறிபார்த்து நிறுத்த வேண்டியதே இல்லை. குறி பெரிதாகவும் கிட்டத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் சோதனை செய்து காட்டினார். அந்த விதிப்படி பார்த்தால் விளிம்பில் இருக்கும் மெனுவுக்கு உயரம் முடிவில்லாதது. கண்ணை வேலையில் வைத்துக்கொண்டே கையை மேலே அனுப்பலாம்.

இன்று வரும் செயலிகள் பலவற்றில் அந்த இடம் பேருக்குத்தான் இருக்கிறது. நான் அன்றாடம் திறக்கும் குறிப்பெடுக்கும் செயலி ஒன்றில் ‘எடிட்’ மெனுவைத் திறந்தால் வெட்டு, நகல், ஒட்டு, அதோடு சரி. ஏற்றுமதி செய்வது, அட்டவணை போடுவது, குறிப்பை வேறு கோப்புறைக்கு மாற்றுவது எல்லாம் விண்டோவுக்குள், மூன்று கோடு போட்ட ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருக்கின்றன. ‘கட்டளை எங்கேயோ இருக்கிறதே, போதாதா’ என்று தோன்றலாம். போதாது.

உதவி மெனுவில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. 2007-இல் மேக் இயங்குதளத்தின் லெப்பர்ட் பதிப்போடு வந்தது. ஷிஃப்ட், கமாண்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு சாய்கோட்டு விசையைத் தட்டினால் திறக்கும். கட்டளையின் பெயரில் நாலு எழுத்து அடித்து, வரும் விடையின்மேல் சுட்டியை வைத்தால், அந்தக் கட்டளை இருக்கும் மெனு தானே விரிந்து, ஓர் அம்புக்குறி மிதந்து வந்து அதைச் சுட்டிக்காட்டும். புதிய செயலி ஒன்றைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. கட்டளையையும் காட்டுகிறது, அது குடியிருக்கும் இடத்தையும் காட்டுகிறது, பக்கத்திலேயே அதற்கான ஷார்ட்கட்டும் தெரிகிறது. ஆனால் மெனுவில் உள்ளதைத்தான் அது தேடும். விண்டோவுக்குள் நீங்கள் மறைத்து வைத்தது அதன் கண்ணில் படாது.

ஷார்ட்கட்டும் அப்படித்தான். சிஸ்டம் செட்டிங்ஸில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், எந்தச் செயலியின் எந்த மெனுக் கட்டளைக்கும் நமக்குப் பிடித்த விசைகளைக் கொடுக்கலாம். மெனுவில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஏற்றுமதியைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இதற்காக நீங்கள் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். கட்டளை மெனுவில் இருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் 2005 முதல் மேக்கோடு சேர்ந்தே வருகிறது. கண்ட்ரோல், ஆப்ஷன், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேராக மெனுவுக்குப் போய்விடலாம். அங்கே ஒவ்வொரு கட்டளையையும் அது பெயர் சொல்லி வாசிக்கும். நீங்களே வரைந்த பொத்தானுக்கு நீங்கள் பெயர் எழுதி வைக்காவிட்டால், அது வெறுமனே ‘பொத்தான்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அழகுக்காக ஓர் ஓரத்தில் ஒதுக்கிய கட்டளை, இன்னொருவருக்கு இல்லவே இல்லாத கட்டளையாகிவிடுகிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. ஒன்றிரண்டு பேர் சேர்ந்து மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே நிரலை எழுதும்போது, உலாவிப் பொறியைச் செயலிக்குள்ளேயே வைத்துக் கட்டுவது எளிது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிக் கட்ட உதவும் எலக்ட்ரான் போன்ற கருவிகளிலும் மேக்கின் சொந்த மெனுவைக் கட்ட வழி இருக்கிறது. செயலியை முதலிலிருந்து திருப்பி எழுதச் சொல்லவில்லை. விண்டோவுக்குள் இருக்கும் கட்டளைகளை மேலேயும் ஒருமுறை பதிவு செய்யுங்கள். கமாண்டோடு காற்புள்ளியை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கட்டும்.

கோப்புகளைக் கையாளும் செயலி என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோவின் தலைப்பில் கோப்பின் பெயர் இருக்கிறதே, கமாண்டைப் பிடித்துக்கொண்டு அதைக் கிளிக் செய்தால் கோப்பு எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்பது அடுக்கடுக்காகத் தெரியும். பக்கத்தில் உள்ள சின்னத்தைப் பிடித்து மின்னஞ்சலில் போட்டால் கோப்பு இணைந்துவிடும். பிக் சர் பதிப்பிலிருந்து அந்தச் சின்னம் சுட்டியைக் கொண்டுபோனால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மறைக்காமலே விட்டிருக்கலாம், ஆனாலும் வேலை செய்கிறது. தலைப்புப் பட்டையையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் சொந்தப் பொத்தான்களை வைக்கும் செயலிகளில் இதெல்லாம் போய்விடுகிறது. தானாகச் சேமிப்பதும் பழைய பதிப்புகளைத் திரும்பப் பார்ப்பதும் 2011-இல் லயன் பதிப்போடு வந்தவை. அவற்றை ஏற்றுக்கொண்ட செயலியில் மின்சாரம் போனாலும் எழுதியது பெரும்பாலும் போவதில்லை.

எழுத்துப் பெட்டியைத் தாமே வரையும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடாதீர்கள். ஜப்பானியத்தில் எழுதுபவர் ஒரு சொல்லை உறுதிசெய்ய ரிட்டர்ன் அழுத்துவார். அதை ‘அனுப்பு’ என்று எடுத்துக்கொண்டு பாதி வாக்கியத்தை அனுப்பிவிடும் செயலிகள் உண்டு. தமிழில் எழுதும்போது கர்சர் எழுத்துக்கும் கொம்புக்கும் நடுவில் போய் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மேக் தரும் எழுத்துப் பெட்டியில் இந்த வேலையெல்லாம் முன்பே செய்து வைக்கப்பட்டிருக்கிறது.

மற்றவை சிறு விஷயங்கள். கேட்காமல் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் உங்கள் பெயரில் ஒரு கோப்புறை போடாதீர்கள். மெனுப் பட்டையின் வலப்பக்கத்தில் உங்கள் சின்னம் வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள். 2021 முதல் வரும் 14, 16 அங்குல மேக்புக் ப்ரோ திரைகளின் உச்சியில் நடுவே கேமராவுக்கான வெட்டு இருப்பதால், சின்னங்கள் கூடினால் சில அதன் பின்னால் மறைந்துவிடுகின்றன. செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்ட பிறகும் லைப்ரரி கோப்புறையில் அதன் கோப்புகள் தங்கிவிடுகின்றன. அவற்றை நீக்கும் கட்டளை ஒன்றைக் கொடுங்கள்.

அந்தக் கட்டளையையும் மெனுவிலேயே வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலிகளை நாள் முழுதும் பயன்படுத்தும் ஒருவர்