பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களின் மின்தொகுப்புகளை மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பார்வை மாற்றுத்திறனாளியான முனைவர் பட்ட ஆய்வாளர்
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

நகல்: மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: உயர்கல்வி நிறுவன நூலகங்களின் ஆய்வேடுகள், மின்னூல்கள், மின்னாக்கப் பிரதிகள் ஆகியவற்றைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) படிக்கக்கூடிய எழுத்துவடிவில் வைக்க ஆணை பிறப்பிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவள். தமிழில் முதுகலை முடித்து, தற்போது கதைப்பாடல்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானையும் கைபேசியில் டாக்பேக்கையும் கொண்டு படிக்கிறேன், எழுதுகிறேன். இந்த மனுவையும் பிறர் உதவியின்றி நானே தட்டச்சு செய்திருக்கிறேன். எழுத்து எழுத்தாக இருந்தால் எனக்கு வேறு எந்தத் தனிச்சலுகையும் தேவைப்படுவதில்லை என்பதைச் சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

கடந்த ஆண்டு, என் தலைப்புக்கு மிக நெருக்கமான ஆய்வேடு ஒன்று ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் இருப்பதை அறிந்து பதிவிறக்கிக்கொண்டேன். கோப்பைத் திறந்ததும் திரைவாசிப்பான் "காலிப் பக்கம்" என்றது. அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதுவும் காலிப் பக்கம். கோப்பு பழுதாகியிருக்கும் என்று எண்ணி நூலகரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பொறுமையாகத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபைல் நல்லாத்தானேம்மா இருக்கு, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாத் தெரியுதே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அந்தக் கோப்பில் இருந்தவை எழுத்துகளின் படங்கள். கண்ணுக்கு அவை எழுத்து. கணினிக்கு வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்.

இதில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. அந்த ஆய்வேடு பனையோலையில் எழுதப்பட்டதன்று. தட்டச்சு மையமொன்றில் கணினியில் அடிக்கப்பட்டது. ஆய்வாளரிடம் எழுத்துவடிவக் கோப்பு இருந்திருக்கிறது. அதை அச்சிட்டு, நூலாகக் கட்டி, நெறியாளரிடம் கையொப்பம் பெற்று, பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த பிறகு, நூலகம் அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறது. ஏற்கெனவே எழுத்தாக இருந்த ஒன்றைப் பணமும் ஆளுழைப்பும் செலவிட்டுப் படமாக மாற்றும் இந்த நடைமுறைக்கு மின்னாக்கம் என்று பெயர். என் அனுபவத்தில் இது ஒரு நூலகத்தோடு நிற்கும் வழக்கமும் அன்று.

படமாக இல்லாத கோப்புகளிலும் சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட ஆய்வேடுகளில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ" என்று படிக்கும். ஒரு முழு இயலை அப்படிக் கேட்டுப் பார்த்தால்தான் அந்தத் துன்பம் விளங்கும். இத்தகைய கோப்புகளில் பார்வையுள்ள ஆய்வாளரும் ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியாது; அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சமாளித்துக்கொள்கிறார் என்பதே வேறுபாடு. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் ஒருங்குறியைத் (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே தர எழுத்துமுறையாக ஏற்று ஆணையிட்டது என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இது பார்வையற்றோருக்கு மட்டுமான குறை அன்று. குறைபார்வை உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கினால், படக்கோப்பில் வரி திரையை விட்டு வெளியே ஓடிவிடுகிறது. கற்றல் குறைபாடு உள்ளவருக்கு வரி இடைவெளியையும் எழுத்துருவையும் மாற்றிக்கொள்ளும் வசதி தேவை. தசைச்சிதைவு நோயால் புத்தகத்தைக் கையில் பிடிக்க இயலாதவருக்கு மின்னூலே புத்தகம். காதுகேளாத மாணவருக்கோ, நூலகத் தளத்தில் ஏற்றப்படும் பாடக் காணொளிகள் வசனவரிகள் இல்லாவிட்டால் பயன்படா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுக்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உறுதிசெய்கிறது. இடம் கிடைத்து உள்ளே வந்தவர் எதைப் படிப்பது என்பதே என் கேள்வி.

அதே சட்டத்தின் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் இருப்பதை உரிய அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி, இணையதளங்களில் வைக்கப்படும் ஆவணங்கள் ஈபப் என்ற மின்னூல் வடிவிலோ எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) வழி உருவாக்கிய பிடிஎஃப் வடிவிலோ இருக்க வேண்டும் என்று கூறியது. அவ்விதி கட்டாயமாக இல்லாமல் பரிந்துரை அளவிலேயே நிற்பதால் சட்டத்துக்குப் புறம்பானது என்றும், கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையைக் காக்கும் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் கூறியுள்ளது.

நூலகங்களில் நான் அடிக்கடி கேட்கும் பதில், "காப்புரிமைச் சிக்கல் வரும்" என்பது. மின்கோப்பைத் தர மறுக்கும்போதும் இதே பதில். எழுத்தாக மாற்றித் தரக் கேட்டாலும் இதே பதில். உண்மையில் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக ஒரு நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்றுவதும், இலாப நோக்கின்றி அவர்களுக்கு வழங்குவதும் உரிமை மீறல் ஆகா. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் நூலகங்களும் இதைச் செய்யலாம் என்று அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. அச்சைப் படிக்க இயலாதோருக்கு நூல்கள் கிடைக்கப் பதிப்புரிமையில் விலக்கு அளிக்கும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக 2014இல் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். தமிழைப் பொறுத்தவரை இன்னொரு வாய்ப்பும் உண்டு. எழுத்தாளர்கள் பலரின் நூல்களை நம் அரசே பரிவுத்தொகை அளித்து நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அந்நூல்களை எழுத்தாக மாற்ற எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. அவற்றையும் படங்களாகவே அடுக்கி வைத்திருப்பதற்கு என்ன காரணம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய நூல்களில் உள்ள தொழில்நுட்பத் தடையை நான் மறைக்க விரும்பவில்லை. தமிழ் எழுத்துணரி மென்பொருள்கள் இன்று புதிய அச்சை நன்றாகவே படிக்கின்றன. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் "லை", "னை" ஆகியவை தும்பிக்கை போட்ட வடிவில் இருக்கும். "ணா", "றா", "னா" ஆகியவை சுழித்து ஒரே எழுத்தாக இருக்கும். மங்கிய தாளில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். அங்கெல்லாம் மென்பொருள் தடுமாறும். மனிதர் ஒருவர் மெய்ப்புத் திருத்தத்தான் வேண்டும். எனவே நூலகங்களில் உள்ள பழம் நூல்கள் அனைத்தையும் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திருத்தப்படாத எழுத்துவடிவத்தையாவது படத்துக்கு அடியில் சேர்த்துத் தந்தால், பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் பிழையாக இருந்தாலும் என்னால் ஊகித்துப் படித்துக்கொள்ள முடியும். காலிப் பக்கத்தில் ஊகிக்க ஒன்றுமில்லை.

ஆகவே, முதலாவதாகவும் முதன்மையாகவும், வரும் கல்வியாண்டு முதல் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுடனும் ஒருங்குறியில் அமைந்த எழுத்துவடிவக் கோப்பைக் கட்டாயமாகப் பெறவும், அந்தக் கோப்பையே களஞ்சியத்தில் ஏற்றவும், கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து சேர்க்கவும் ஆணையிட வேண்டுகிறேன். இதற்குத் தனி நிதி தேவையில்லை. ஸ்கேன் செய்யும் செலவு மிச்சமாகும். காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா என்ற தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்கும் நம் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் கோப்புகளே செல்வதால், இங்கே சரிசெய்தால் அங்கும் சரியாகும்.

ஏற்கெனவே படமாக உள்ளவற்றில், மாற்றுத்திறனாளி மாணவர் கேட்கும் நூலை 15 வேலை நாள்களுக்குள் எழுத்தாக்கித் தரும் பொறுப்பை ஒவ்வொரு நூலகத்திலும் பெயர் குறித்த ஓர் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். பாடத்திட்ட நூல்களையும் நாட்டுடைமை நூல்களையும் எவரும் கேட்கும் வரை காத்திராமல் மாற்றத் தொடங்கலாம். ஒரு கல்லூரியில் மாற்றிய நூலையே இன்னொரு கல்லூரியும் முதலிலிருந்து மாற்றிக்கொண்டிருக்காதபடி, அணுகத்தக்க வடிவில் நூல்களை வழங்கி 2016 முதல் இயங்கிவரும் சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்துடன் நம் நூலகங்களை இணைப்பதும் நல்லது.

மின்னூல் சந்தாக்களுக்கும் நூலக மென்பொருள்களுக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 என்ற மின்னணு அணுகல் தரத்தை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன். பக்கம் புரளும் ஓசையோடு அழகாகத் திறக்கும் சில மின்னூல் காட்டிகளில் ஓர் எழுத்தைக்கூடத் திரைவாசிப்பானால் தொட முடிவதில்லை. உள்நுழையும் வாயிலிலேயே படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சாவை வைத்து வழிமறிக்கும் தளங்களும் உண்டு. வாங்குவதற்கு முன் திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவர் ஒருவரை அரைமணி நேரம் உட்காரவைத்துச் சோதித்தாலே இவை வெளிப்பட்டுவிடும்.

எங்களுக்கு அரசு வழங்கும் வாசிப்பாளர் உதவித்தொகைக்கு நான் நன்றியுடையவள். அதை நிறுத்தக் கோருவதாக இம்மனுவைக் கொள்ள வேண்டாம். ஆனால் வாசிப்பவருக்கு நேரம் வாய்க்கும்போதுதான் எனக்குப் படிப்பு. மேலே சொன்ன ஆய்வேட்டை, பணி முடிந்து வரும் என் தங்கை இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசிக்க, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் கேட்டு முடித்தேன். அடிக்குறிப்புகளை வாசிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆய்வாளருக்கு அடிக்குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எனக்குத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். அந்தப் பதிலைக் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்த படமாக அனுப்ப நேர்ந்தால், அதன் வாசகத்தை மின்னஞ்சலிலும் எழுத்தாகச் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பு ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதிலும் காலிப் பக்கமாகவே இருந்தது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்)